யுஎஸ்டிடி (டெதர்) கொடுத்து யுஎஸ்டிசி வாங்க, அடையாளச் சான்று கேட்காத வழி எது?

#1 நொய்யல்வரைவு, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். ஆயத்த ஆடைகளுக்கு டெக்பேக் (தைப்பதற்கான வரைபட, அளவு விவரத் தொகுப்பு) வரைந்து கொடுப்பது என் தொழில். துபாயில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் பணத்தை ட்ரான் என்ற கிரிப்டோ வலையமைப்பில், டெதர் நிறுவனம் வெளியிடும் யுஎஸ்டிடியாகத்தான் அனுப்புவார். இப்போது வாலட்டில் 3,000 சொச்சம் நிற்கிறது. எனக்கு 3டி மாதிரி செய்து தரும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அதிலிருந்து ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். அவரோ பேஸ் என்ற வேறொரு வலையமைப்பில், சர்க்கிள் நிறுவனம் வெளியிடும் யுஎஸ்டிசி மட்டுமே வாங்குவார்.

இதுவும் ஒரு டாலர் மதிப்புள்ள காயின், அதுவும் ஒரு டாலர் மதிப்புள்ள காயின். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்க ஆதார், பான், செல்ஃபி வீடியோ எல்லாம் எதற்கு? ஒளித்து வைக்க எனக்கு ஒன்றுமில்லை, வருமானத்தை வருடா வருடம் கணக்கில் காட்டுகிறேன். ஆனால் 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் பற்றிய செய்தி வந்ததே, பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்களுக்கு லஞ்சம் கொடுத்து 69,461 பேருடைய விவரங்களை எடுத்தார்கள். அதில் அடையாள அட்டைப் படங்களும் போயின. பிறகு 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். அத்தனை பெரிய நிறுவனத்திலேயே இந்தக் கதி. என் ஆதார் நகலை இன்னும் எத்தனை இடத்தில் கொடுத்து வைப்பது?

கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல் மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

#2 சில்லறைக்காசு, சென்னை

இதற்குப் போய் இவ்வளவு யோசனையா ப்ரோ? ஏதாவது ஒரு டெக்ஸில் (நடுவில் நிறுவனம் இல்லாமல் நிரலே காயினை மாற்றித் தரும் இடம்) வாலட்டை இணைத்து ஸ்வாப் அழுத்துங்கள். ஆதாரும் இல்லை, இமெயிலும் இல்லை. ஒரு நிமிஷ வேலை.

#3 கட்டம்எண், பெங்களூரு

எதிரியம் (Ethereum) வலையமைப்பிலோ பேஸிலோ யுஎஸ்டிடி வைத்திருப்பவருக்கு #2 சொன்னது பொருந்தும். இவரிடம் இருப்பது ட்ரானில். 2024 பிப்ரவரியிலேயே சர்க்கிள் நிறுவனம் ட்ரானில் யுஎஸ்டிசி வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதனால் அந்த வலையமைப்புக்குள்ளேயே ஒரு ஸ்வாப் போட்டு முடித்துவிட முடியாது. காயினும் மாற வேண்டும், சங்கிலியும் (அதாவது வலையமைப்பும்) மாற வேண்டும். இவருடைய சிக்கல் முழுக்க இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்து மூன்று பாதை. ஒன்று, கேஒய்சி உள்ள எக்ஸ்சேஞ்சில் யுஎஸ்டிடியைப் போட்டு, அங்கேயே மாற்றி, பேஸ் வழியாக வெளியே எடுப்பது. இரண்டு, ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்குக் காயினைக் கடத்தும் பிரிட்ஜ் வழியாக வேறு சங்கிலிக்குக் கொண்டுபோய் அங்கே டெக்ஸில் மாற்றுவது. மூன்று, நீங்கள் கேட்கும் உடனடி ஸ்வாப் தளங்கள்: அவர்கள் தரும் முகவரிக்கு யுஎஸ்டிடியை அனுப்பினால் நீங்கள் கொடுத்த முகவரிக்கு யுஎஸ்டிசி வந்து சேரும்.

இதில் மூன்றாவதைப் பற்றி ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அது டெக்ஸ் அல்ல. இடையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, உங்கள் பணம் கொஞ்ச நேரம் முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை என்பதற்காக அதை டெக்ஸோடு ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தக் குழப்பத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரிட்ஜும் சும்மா இல்லை. 2023 ஜூலையில் மல்டிசெயின் பிரிட்ஜிலிருந்து 12 கோடி டாலருக்கு மேல் வெளியே போனது. பணத்தைத் திறக்கும் சாவிகள் நடைமுறையில் அதன் தலைவர் ஒரே ஆளின் பிடியில் இருந்தன என்பதும், அந்த ஆள் மே மாதமே சீனாவில் கைதாகிவிட்டார் என்பதும் அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

#4 வடலி, பாரிஸ்

தம்பி, மூண்டாவது பாதையிலை நான் பட்டதைச் சொல்லுறன். தளத்தின்ரை பேர் வேண்டாம், ஒண்டு போனால் இன்னொண்டு வரும், எல்லாம் ஒரே வேலைதான் செய்யுது.

ஐரோப்பாவிலை மைக்கா எண்ட கிரிப்டோச் சட்டம் வந்தாப் பிறகு இஞ்சை பெரிய எக்ஸ்சேஞ்சுகள் யுஎஸ்டிடி வர்த்தகத்தை நிப்பாட்டிப்போட்டினம். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2025 மார்ச் 31ஓடை நிப்பாட்டினது. கையிலை கிடந்த யுஎஸ்டிடியை யுஎஸ்டிசி ஆக்கவேணும் எண்டு ஒரு உடனடித் தளத்துக்கு அனுப்பினன். முகப்பிலை பெரிய எழுத்திலை கேஒய்சி இல்லை எண்டு போட்டிருந்தது. காசு போய்ச் சேர்ந்த உடனை நிலவரம் மாறிச்சுது, உங்கடை காசு ஆய்விலை இருக்கு எண்டு காட்டினது. பிறகு மின்னஞ்சல் வந்தது: கடவுச்சீட்டு, முகத்தோடை படம், காசு வந்த வழிக்கு ஆதாரம், எல்லாம் அனுப்பு எண்டு.

காசு அவையின்ரை கையிலை. இனி நான் என்ன செய்யிறது? குடுத்தன். கடைசியிலை திருப்பித்தான் தந்தினம், கட்டணம் கழிச்சு, அதுவும் யுஎஸ்டிடியாகவே. விதிமுறைப் பக்கத்தைப் பிறகுதான் வடிவாப் பார்த்தன். சந்தேகம் வந்தால் அடையாளம் கேக்கலாம் எண்டு கீழை எழுதித்தான் கிடக்கு. யாரோ முன்னம் வைச்சிருந்த காசிலை கறை இருந்தால் அவையின்ரை மென்பொருள் அதுக்கு ஒரு புள்ளி போடும். அந்தப் புள்ளி கூடினால் உன்ரை காசு நிக்கும். உனக்கு அனுப்பினவன் அதை எங்கையிருந்து எடுத்தவன் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?

நல்ல எக்ஸ்சேஞ்சிலை காசு போடமுதல் கேக்கிற கடவுச்சீட்டை, உவையள் காசை வாங்கி வைச்சுக்கொண்டு கேக்கினம். பதிவு பெற்ற நிறுவனமும் இல்லை, முறையிட ஒரு இடமும் இல்லை. ஆவணத்தை ஒளிக்கவேணும் எண்டு போனவன்ரை ஆவணம் கடைசியிலை ஆரெண்டு தெரியாத ஆளிட்டைப் போய்ச் சேருது.

#5 கட்டம்எண், பெங்களூரு

வடலி அண்ணா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். உண்மையிலேயே யாரிடமும் எதுவும் கேட்காத தளமும் இருந்தது, இஎக்ஸ்சிஎச். 2014 முதல் ஓடியது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கிட்டத்தட்ட 150 கோடி டாலர் திருடு போனதும், அதில் ஒரு பங்கு இதன் வழியாகத்தான் கடந்தது. ஏப்ரல் 30 அன்று ஜெர்மன் கூட்டாட்சிக் குற்றவியல் காவல்துறை அதன் சர்வர்களைக் கைப்பற்றியது. 3.4 கோடி யூரோ மதிப்புள்ள கிரிப்டோவும் 8 டெராபைட்டுக்கு மேல் தரவும் அவர்கள் கைக்குப் போயின.

பெயர் கேட்காத ஒரு தளத்தில் 8 டெராபைட் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் கேட்கவில்லை என்றால் எதுவுமே பதிவாகவில்லை என்று ஆகாது. நேர்மையான காரணத்துக்காக அதில் நூறு டாலர் மாற்றியவருடைய முகவரியும், திருடனுடைய முகவரியும் அந்தக் குவியலில் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்க வாய்ப்பிருக்கிறது.

#6 நொய்யல்வரைவு, திருப்பூர்

வடலி அண்ணா, விவரமாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் நடுவில் ஆளே இல்லாத டெக்ஸ்தான் சரி என்று வைத்துக்கொள்ளலாமா? வாடிக்கையாளரிடம் பேசி அடுத்த முறை எதிரியத்தில் அனுப்பச் சொல்லிவிட்டால், #2 சொன்ன மாதிரி ஒரு ஸ்வாப்பில் முடிந்துவிடும் அல்லவா?

#7 கட்டம்எண், பெங்களூரு

அடையாளம் கேட்க அங்கே ஆள் இல்லை, அது உண்மை. காயின்கள் ஒரு பூலில் கிடக்கும். ஒன்றை உள்ளே போட்டு இன்னொன்றை எடுக்கிறீர்கள், விலையைச் சூத்திரம் தீர்மானிக்கிறது. ஒரே விலையுள்ள காயின்களுக்காகவே மைக்கேல் எகோரோவ் 2019 நவம்பரில் ஒரு சூத்திரம் எழுதினார், 2020 ஜனவரியில் அதை வைத்து கர்வ் என்ற டெக்ஸ் தொடங்கியது. யூனிஸ்வாப் என்ற இன்னொரு டெக்ஸில் 0.01 சதவீதக் கட்டணப் பூல் 2021 நவம்பரில் வந்தது. எனவே 1,000 டாலர் மாற்றினால் பூலுக்குப் போவது 10 சென்ட் அளவுதான், வலையமைப்புக்குக் கட்டும் காஸ் கட்டணம் தனி. இந்த இடத்தில் எந்த எக்ஸ்சேஞ்சும் இதனோடு போட்டி போட முடியாது என்பது என் கருத்து.

ஆனால் பாதுகாப்பு வேறு விஷயம். 2025 மார்ச் 12 அன்று யூனிஸ்வாப் வி3 பூலில் ஒருவர் 2,20,764 யுஎஸ்டிசியைக் கொடுத்து யுஎஸ்டிடி கேட்டார். கைக்கு வந்தது 5,271. நீங்கள் செய்யப் போகும் அதே வேலைதான், ஒரு டாலர் காயினிலிருந்து இன்னொரு டாலர் காயின். கட்டத்துக்குள் (பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் பிளாக்) போகக் காத்திருந்த பரிவர்த்தனையை ஒரு பாட் (தானியங்கி நிரல்) பார்த்துவிட்டது. அவருக்கு முன்னால் தான் நுழைந்து பூலின் விலையைச் சாய்த்தது, அவரை அந்த மோசமான விலையில் வாங்கவிட்டது, பின்னாலேயே வந்து பூலை நிமிர்த்தி வித்தியாசத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் கிட்டத்தட்ட 2 லட்சம் டாலரை அந்தக் கட்டத்தை அடுக்கியவருக்கே கொடுத்தது. பாட் வைத்திருந்தவருக்கு மிஞ்சியது 8,000 டாலர் அளவுதான்.

எல்லாம் சில விநாடிகளில் முடிந்தது. அந்த ஸ்வாப்பில் குறைந்தபட்சம் இவ்வளவு வர வேண்டும் என்ற வரம்பு சரியாக இல்லை. யூனிஸ்வாப்பின் சொந்த முகப்பு வழியாக அது போகவில்லை என்று அதை உருவாக்கிய ஹேடன் ஆடம்ஸ் பிறகு விளக்கினார். அந்த முகப்பில் இத்தகைய தாக்குதலுக்குத் தடுப்பும் இயல்பான ஸ்லிப்பேஜ் (விலை எவ்வளவு வரை நழுவலாம் என்ற) வரம்பும் உண்டு. டாலர் காயின்களுக்குள் மாற்றும்போது ஸ்லிப்பேஜை 0.1 சதவீதத்துக்கு மேல் வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்த வரம்பில் ஸ்வாப் நடக்காமல் திரும்பி வந்தால் காஸ் மட்டும் போகும். அதுவே நல்லது.

#8 தன்னுரிமை, சிங்கப்பூர்

இந்த இழை போகிற போக்கைப் பார்த்தால் கேஒய்சி கேட்காதே என்று சொல்பவரெல்லாம் ஏமாளி அல்லது திருடன் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை.

இவருடைய பயம் நியாயமானது. ஆவணங்கள் கசிந்தால் பணம் மட்டுமா போகிறது? 2025 ஜனவரியில் கிரிப்டோ வாலட் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் பாலான்டை பிரான்ஸில் வீட்டிலிருந்தே கடத்தினார்கள், விரலை வெட்டினார்கள். யாரிடம் எவ்வளவு கிரிப்டோ இருக்கிறது, அவர் வீடு எங்கே இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்த ஒரு பட்டியல் எங்கே இருந்தாலும் அது ஆபத்து. தன் கூலியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுபவர் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் அதைச் செய்ய முடியவேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. பாட் தாக்குதலைக் காட்டி டெக்ஸையே வேண்டாம் என்பதும் சரியில்லை, நீங்களே சொன்ன வரம்பை வைத்தால் அது தீர்ந்துவிடுகிறது.

#9 கட்டம்எண், பெங்களூரு

தன்னுரிமை, டெக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, நானே பயன்படுத்துகிறேன். அந்தரங்கம் உரிமை என்பதிலும் உங்களோடு நிற்கிறேன். என் வேறுபாடு ஒரே இடத்தில்தான். அந்தரங்கம் வேண்டும் என்று யுஎஸ்டிடிக்கும் யுஎஸ்டிசிக்கும் நடுவில் இருக்கும் கதவை மட்டும் பார்க்கிறோம். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது எது? வெளியிட்ட நிறுவனத்தின் பிடியில் இருக்கும் காயின்கள்.

இரண்டின் காண்ட்ராக்டிலும் (காயினை இயக்கும் நிரல்) ஒரு முகவரியைக் கறுப்புப் பட்டியலில் போடும் வசதி இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 8 அன்று காயின்களைக் கலந்து தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் மீது அமெரிக்கா தடை போட்டதும், அந்த முகவரிகளில் இருந்த 75,000க்கு மேற்பட்ட யுஎஸ்டிசியை சர்க்கிள் முடக்கியது. தடை 2025 மார்ச்சில் நீங்கியது வேறு கதை. 2025 மார்ச்சில் ரஷ்ய எக்ஸ்சேஞ்ச் கரான்டெக்ஸின் 250 கோடி ரூபிளுக்கு மேல் பெறுமானமுள்ள யுஎஸ்டிடியை டெதர் முடக்கியது. ட்ரானும் டெதரும், கிரிப்டோ தடத்தை ஆராயும் டிஆர்எம் லேப்ஸும் சேர்ந்து 2024லேயே இதற்கென்று ஒரு கூட்டுப் பிரிவு வைத்திருக்கின்றன.

அந்தப் பக்கம் போன யுஎஸ்டிசியும் ஒருநாள் எக்ஸ்சேஞ்சுக்கு வரத்தான் வேண்டும், ரூபாயாகவோ யூரோவாகவோ ஆக. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 30 முதல், 1,000 யூரோவுக்கு மேல் சொந்த வாலட்டிலிருந்து வந்தால் அந்த வாலட் வாடிக்கையாளருடையதுதானா என்று நிறுவனம் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் 2023 மார்ச் 7 அறிவிக்கையோடு கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நடுவில் கேட்கப்படாத கேள்வி கடைசியில் கேட்கப்படும். அப்போது காட்ட உங்களிடம் காகிதம் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. டெக்ஸில் மாற்றினால் பரிவர்த்தனைக் குறியீடு இருக்கும், எந்த முகவரியிலிருந்து எங்கே போனது என்று யாரும் பார்க்கலாம். உடனடித் தளத்தில் அந்தத் தடம் அங்கேயே அறுந்துவிடும். உங்கள் முகவரிக்கு யுஎஸ்டிசி வந்தது அந்தத் தளத்தின் முகவரியிலிருந்து. அதற்கு முன் அது யாருடையதாக இருந்தது என்பது உங்களுக்கே தெரியாது. நேர்மையாகச் சம்பாதித்த காசைக் கொடுத்து, வரலாறு தெரியாத காசை வாங்கி வைக்கிறீர்கள். இதைத்தான் நான் இழப்பு என்கிறேன்.

#10 தன்னுரிமை, சிங்கப்பூர்

கடைசிப் பத்தியை ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் கோணம் முக்கியமானது. அப்படியானால் முடக்கவே முடியாத காயினைத்தான் சொல்வேன். லிக்விட்டி என்ற கடன் திட்டத்தின் டாலர் காயினான எல்யுஎஸ்டி 2021 ஏப்ரலில் வந்தது. ஈதர் (எதிரியத்தின் சொந்தக் காயின்) மட்டுமே அடமானம், காண்ட்ராக்டை யாரும் மாற்ற முடியாது, கறுப்புப் பட்டியல் வசதி இல்லை. சேமித்து வைக்க அது மேல். பூல் சிறியது, பெரிய தொகையை மாற்றினால் விலை நழுவும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாய் என்ற டாலர் காயினை நான் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. 2023 மார்ச் 11 நினைவிருக்கும். சர்க்கிளின் இருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கன் வேலி வங்கியில் மாட்டியது என்றதும் யுஎஸ்டிசி 88 சென்ட்டுக்குக் கீழே போனது. டாயின் பின்னால் நிறைய யுஎஸ்டிசி இருந்ததால் அதுவும் கூடவே விழுந்தது. கர்வின் மூன்று காயின் பூலில் எல்லோரும் யுஎஸ்டிசியையும் டாயையும் கொட்டி யுஎஸ்டிடியை அள்ளிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை விலை மீண்டது. டாலர் காயின் இரண்டும் ஒன்றுதானே என்று இந்த இழை தொடங்கியது; அந்த வார இறுதியில் அடிமட்ட விலையில் யுஎஸ்டிசியைக் கொடுத்து யுஎஸ்டிடி வாங்கியவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இழந்தார்கள்.

#11 பேரேடு, மதுரை

வரி பற்றி யாரும் வாய் திறக்காததால் வருகிறேன். கணக்குத் தணிக்கை என் தொழில், இந்த விவகாரத்தில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

திருப்பூர்த் தம்பி, யுஎஸ்டிடியிலிருந்து யுஎஸ்டிசிக்குப் போவது நம் சட்டத்தில் ஒரு சொத்தை விற்று இன்னொன்றை வாங்குவதுதான். லாபமிருந்தால் 30 சதவீதம், 2022 ஏப்ரல் 1 முதல். டாலருக்கு டாலர்தானே, லாபம் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். லாபத்தை ரூபாயில் பார்க்க வேண்டும். 3,000 யுஎஸ்டிடி உங்களிடம் வந்தபோது ஒன்று 84 ரூபாய், மாற்றும்போது 88 ரூபாய் என்று வையுங்கள். 12,000 ரூபாய் லாபம். வரி 3,600, அதன்மேல் 4 சதவீத செஸ் 144, மொத்தம் 3,744. டெக்ஸில் 30 சென்ட் கட்டணத்தில் முடித்ததாக நினைத்த வேலைக்கு இது. ரூபாய் மறுபக்கம் போய் நஷ்டம் வந்தால் அதை வேறு எதிலும் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. காஸ் கட்டணத்தைச் செலவாகக் காட்டவும் இடமில்லை, வாங்கிய விலை ஒன்றுதான் கழியும்.

இன்னொன்று 1 சதவீத டிடிஎஸ், 2022 ஜூலை 1 முதல். பதிவுபெற்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் என்றால் அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். பொருளுக்குப் பொருள் என்ற மாற்றத்தில், ஒப்படைப்பதற்கு முன் வரி கட்டப்பட்டதா என்று உறுதி செய்வது தருபவரின் பொறுப்பு. எதிரில் மனிதரே இல்லாத பூலில் அதை எப்படிச் செய்வது என்பதை உங்கள் தணிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் வழக்குகளில் வரி கூடப் பெரிய தலைவலி இல்லை. ஒவ்வொரு ஸ்வாப்பின் தேதியும் அன்றைய ரூபாய் மதிப்பும் இல்லாமல் வருபவரைத்தான் காப்பாற்ற முடிவதில்லை.

#12 வடலி, பாரிஸ்

பேரேடு ஐயா சொல்லுறதைப் பார்க்க இஞ்சை எவ்வளவோ பரவாயில்லை. பிரான்சிலை தனியாள் கிரிப்டோவைக் குடுத்துக் கிரிப்டோ வாங்கினால் அந்த இடத்திலை வரி இல்லை. யூரோவாக்கேக்கை அல்லது பொருள் வாங்கேக்கைதான். ஒரே ஸ்வாப், ரெண்டு நாட்டிலை ரெண்டு கணக்கு. யூடியூபிலை வெள்ளைக்காரன் சொல்லுறதைப் பார்த்து ஊரிலை செய்யிற பிள்ளையள் இதைக் கட்டாயம் கவனிக்கவேணும்.

#13 சில்லறைக்காசு, சென்னை

ஒரு நிமிஷ வேலை என்று எழுதிய நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு சந்தேகம். போன வாரம் ஆர்பிட்ரம் வலையமைப்பில் மாற்றியபோது யுஎஸ்டிசி என்றும் யுஎஸ்டிசி.இ என்றும் இரண்டு காட்டியது. எது சரி?

#14 கட்டம்எண், பெங்களூரு

யுஎஸ்டிசி என்பது சர்க்கிள் அந்தச் சங்கிலியிலேயே வெளியிட்டது. யுஎஸ்டிசி.இ என்பது எதிரியத்தில் இருப்பதைப் பூட்டி வைத்து பிரிட்ஜ் தந்த சீட்டு. டெக்ஸில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் கைமாறும். ஆனால் பெறுபவரின் எக்ஸ்சேஞ்ச் சர்க்கிளுடையதை மட்டும் ஏற்றால், நீங்கள் அனுப்பிய மற்றது கணக்கில் ஏறாது. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், சர்க்கிளின் தளத்தில் போட்டிருக்கும் காண்ட்ராக்ட் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பெயரில் போலி காயின் போட்டு வைப்பவர்களுக்கும் இதுதான் மருந்து. தேடுபொறி விளம்பரத்தில் வரும் டெக்ஸ் இணைப்பை அழுத்தவே வேண்டாம். உங்கள் காயினை எடுக்க டெக்ஸ் அனுமதி (அப்ரூவ்) கேட்கும்போது மாற்றும் தொகைக்கு மட்டும் கொடுங்கள், வரம்பில்லாமல் கொடுத்தால் பிறகு ரத்து செய்ய மறந்துவிடும். எதிரியத்தில் யுஎஸ்டிடிக்குப் பழைய அப்ரூவ் தொகையை முதலில் சுழியாக்கிவிட்டுத்தான் புதியது போட முடியும், அதைப் பிழை என்று நினைத்துப் பதற வேண்டாம்.

#15 நொய்யல்வரைவு, திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. துபாய் வாடிக்கையாளரிடம் பேசினேன். அவர் பணம் அனுப்புவது அங்கே கேஒய்சி முடித்த எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து. ட்ரானுக்குப் பதில் பேஸில் யுஎஸ்டிசியாக எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். முடியும், நீங்கள் இதுவரை கேட்கவில்லையே என்றார். இந்த மாதப் பாக்கி 1,200 அப்படியே வரும், அதிலிருந்து 3டி ஆளுக்கு நேராகக் கொடுத்துவிடுவேன். ஏற்கனவே இருக்கும் 3,000ஐ இப்போது தொடப்போவதில்லை.

பேரேடு ஐயா, யுஎஸ்டிசியாக வந்து யுஎஸ்டிசியாகவே கூலியாகப் போனால் அதுவும் விற்பனைதானா?

#16 பேரேடு, மதுரை

ஆமாம் தம்பி, கூலிக்குப் பதிலாகக் காயினைக் கொடுப்பதும் கைமாற்றம்தான். ஆனால் வந்த அன்றோ மறுநாளோ கொடுத்தால் ரூபாய் வித்தியாசம் பெரிதாக இருக்காது. வந்த நாளின் மதிப்பைத் தொழில் வருமானமாக எழுதுங்கள், அதுவே அடக்கவிலை என்பது என் வாசிப்பு. வாடிக்கையாளரிடம் இன்வாய்ஸில் காயின் பெயரும் வலையமைப்பும் வரும்படி கேளுங்கள். 3டி ஆளிடமும் ஒரு பில் வாங்கிவிடுங்கள், அவர் பெறும் முகவரி அதில் இருக்கட்டும்.

#17 கட்டம்எண், பெங்களூரு

அவர் அனுப்புவதற்கு முன், முதலில் 10 டாலர் மட்டும் பேஸில் அனுப்பச் சொல்லுங்கள். அது வாலட்டில் சர்க்கிளின் யுஎஸ்டிசியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கேளுங்கள். காஸ் கட்டணத்துக்காக வாலட்டில் கொஞ்சம் ஈதர் பேஸிலேயே இருக்கட்டும். ட்ரானில் கட்டணத்துக்கு அதன் காயினான டிஆர்எக்ஸ் வைத்துப் பழகியவர்கள் இதை விட்டுவிட்டு, வந்த யுஎஸ்டிசியை அனுப்ப முடியாமல் நிற்பார்கள்.